பெரிய லீக் பூட்டிக்கிடந்த ஆண்டு: அமெரிக்க ஹாக்கி லீக்கின் 2004–05 பருவம்

2005 ஜூன் 10 அன்று பிலடெல்ஃபியா நகரின் வக்கோவியா சென்டர் அரங்கில் ஓர் ஐஸ் ஹாக்கி இறுதிப்போட்டியைக் காண 20,103 பேர் கூடியிருந்தனர். அந்த நகரத்துக்கு இது பெரிய கூட்டம் அல்ல. முதல்நிலை லீக்கான தேசிய ஹாக்கி லீக்கை (என்.எச்.எல்.) சேர்ந்த ஃபிளையர்ஸ் அணி அதே அரங்கில் அத்தகைய கூட்டத்தை வழக்கமாகவே பார்த்துவந்தது. ஆனால் அன்று பனித்தளத்தில் இறங்கியது ஃபிளையர்ஸ் அல்ல. அதன் துணை அணியான ஃபேண்டம்ஸ், இரண்டாம் நிலை லீக்கின் கால்டர் கோப்பைக்காகச் சிகாகோ வுல்வ்ஸ் அணியுடன் மோதியது. சாதாரண ஆண்டுகளில் ஃபேண்டம்ஸ் ஆடியது, கார் நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய ஸ்பெக்ட்ரம் அரங்கில். அன்று பெரிய அரங்கு சும்மா கிடந்ததால் இவர்கள் உள்ளே வர முடிந்தது.

பெரிய அரங்கு ஏன் சும்மா கிடந்தது, அதனால் சின்ன லீக்கின் ஒரு பருவம் எப்படி உருமாறியது என்பதைப் பார்க்க, அந்த லீக்கின் இயல்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ.எச்.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க ஹாக்கி லீக் 1936-இல் தொடங்கியது. 2001-இல் அதன் போட்டியாளராக இருந்த சர்வதேச ஹாக்கி லீக் மூடப்பட்டபோது, சிகாகோ, ஹூஸ்டன், மில்வாக்கி உள்ளிட்ட ஆறு அணிகளை ஏ.எச்.எல். சேர்த்துக்கொண்டு, மேல் லீக்குக்கு அடுத்த ஒரே படியாக நின்றது. 2004–05-இல் அதில் 28 அணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 80 ஆட்டங்கள் ஆடின.

இந்த அணிகளில் ஆடுவோரில் பெரும்பாலானோர் உண்மையில் அந்த அணிகளுக்குச் சொந்தமானவர்கள் அல்லர். ஒப்பந்தம் என்.எச்.எல். அணியுடன் இருக்கும், கீழே அனுப்பப்பட்டவர் கீழே ஆடுவார், மேலே ஒருவருக்குக் காயம் என்றால் அன்று மாலையே விமானம் ஏறுவார். பயிற்சியாளர் எவ்வளவு திறமையாக ஓர் அணியைக் கட்டினாலும், டிசம்பரில் அவரது சிறந்த கோல் அடிப்பவர் தொலைபேசி அழைப்பு ஒன்றில் காணாமல் போகலாம். என்.எச்.எல். ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் இந்த லீக்கில் ஆடி வந்தவர்கள் என்பதே ஏ.எச்.எல். தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி. கோப்பையை வென்ற நகரத்தின் பெயரைவிட, மேலே போனவர்களின் பெயர்களையே அது முன்னிறுத்துகிறது. நாற்றங்கால் ஒன்றின் பெருமை அதில் இருக்கிறது. நாற்றங்காலின் சங்கடமும் இருக்கிறது, ஏனெனில் அறுவடை எப்போதும் வேறொருவர் வயலில்தான்.

2004 செப்டம்பரில் என்.எச்.எல். அணி முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் காலாவதியானது. அணிகளின் மொத்தச் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகள் கேட்டனர், சங்கம் மறுத்தது. நடந்தது வேலைநிறுத்தம் அன்று, முதலாளிகள் அறிவித்த கதவடைப்பு. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாடே வேர். 2005 பிப்ரவரி 16 அன்று லீக்கின் ஆணையர் கேரி பெட்மேன் பருவம் முழுவதும் ரத்து என்று அறிவித்தார். 1,230 ஆட்டங்கள் நடக்காமலே போயின. 1919-இல் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயால் இறுதிப்போட்டி கைவிடப்பட்ட பிறகு முதன்முறையாக, என்.எச்.எல்.-இன் பட்டக் கோப்பையான ஸ்டான்லி கோப்பை யாருக்கும் வழங்கப்படவில்லை. 310 நாள் இழுபறிக்குப் பின் ஜூலையில் சமரசம் ஏற்பட்டபோது சங்கம் உச்சவரம்பை ஏற்றிருந்தது: அணிக்கு 39 மில்லியன் டாலர், நடப்பு ஒப்பந்தங்களில் 24 விழுக்காட்டு வெட்டு.

அப்படியென்றால் வேலை இழந்த நட்சத்திரங்கள் எல்லாம் ஒரு படி இறங்கி ஏ.எச்.எல்.-இல் ஆடியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. ஏ.எச்.எல். அணிகள் என்.எச்.எல். அணிகளின் துணை அணிகள். முதலாளிகள் கதவைச் சாத்திவிட்ட ஆட்டக்காரரை அதே முதலாளிகளின் பின்வாசல் வழியாக உள்ளே விட முடியாது. உள்ளே வந்தவர்கள் வேறொரு வகையினர். முதல் ஒப்பந்தக் காலத்தில் இருந்த இளைஞர்களைக் கீழே அனுப்பும்போது, பிற அணிகள் உரிமை கோரும் நடைமுறைக்கு உட்படுத்தத் தேவையில்லை. ஆகவே கதவடைப்பு தொடங்கும் முன்பே அணிகள் அவர்களைத் துணை அணிகளுக்கு ஒதுக்கிவிட்டன. மேலே சம்பளம் ஒன்று, கீழே சம்பளம் வேறு என்ற இருநிலை ஒப்பந்தம் அவர்களுடையது. கீழ்நிலைச் சம்பளத்தில் அவர்கள் ஆண்டு முழுவதும் ஆடினர். முந்தைய ஆண்டில் என்.எச்.எல்.-இல் முழுப் பருவம் ஆடியிருந்தவர்களும் இதில் அடக்கம். வழக்கமாக அக்டோபரிலோ நவம்பரிலோ மேலே போய்விடும் ஒரு முழுத் தலைமுறை, அந்த ஒரு முறை ஏப்ரல் வரை கீழேயே தங்கியது. தொலைபேசி அழைக்கவே இல்லை.

மூத்தவர்கள் வேறு வழி தேடினர். 350 பேருக்கும் மேல் ஐரோப்பாவுக்குப் போயினர். ஜோ தார்ன்டனும் ரிக் நாஷும் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அணியில் ஆடி அந்நாட்டுப் பட்டத்தை வென்றனர். வட அமெரிக்காவிலேயே இருக்க விரும்பியவர்களுக்குக் கிடைத்ததோ ஏ.எச்.எல்.-க்கும் கீழே இருந்த லீக்குகள் என்பது இந்தக் கதையின் வேடிக்கைகளில் ஒன்று. நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியில் இரண்டு ஸ்டான்லி கோப்பைகள் வென்றிருந்த ஸ்காட் கோமெஸ், தான் பிறந்த ஆங்கரேஜ் நகருக்குத் திரும்பி, ஈ.சி.எச்.எல். லீக்கின் அலாஸ்கா ஏசஸ் அணியில் 61 ஆட்டங்களில் 86 புள்ளிகள் (கோலும் கோல் உதவியும் சேர்ந்த எண்ணிக்கை) எடுத்து அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். டெட்ராய்ட்டின் கிறிஸ் செலியோஸும் டெரியன் ஹாட்சரும் அதற்கும் கீழான யு.எச்.எல். லீக்கில், அதே வட்டாரத்தின் மோட்டார் சிட்டி மெக்கானிக்ஸ் அணிக்காக ஆடினர். ஆக, இரண்டாம் படி இளைஞர்களுக்கு மட்டும் என்று மூடிக்கொண்டது. பழைய நட்சத்திரங்கள் அதைத் தாண்டி மூன்றாம், நான்காம் படிகளுக்கு இறங்கினர்.

அந்த இளைஞர்களில் மிகத் தெளிவான உதாரணம் ஜேசன் ஸ்பெஸ்ஸா. 2003–04-இல் ஆட்டவா செனட்டர்ஸ் அணிக்காக 78 ஆட்டங்கள் ஆடி 55 புள்ளிகள் எடுத்திருந்தவரை இனிக் கற்றுக்கொள்ள வேண்டிய மாணவர் என்று சொல்ல முடியாது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் என்ற சிறு நகரில், துணை அணிக்காக 80 ஆட்டங்களிலும் களமிறங்கி 32 கோல், 85 கோல் உதவி என 117 புள்ளிகள் குவித்தார். புள்ளிப் பட்டியலில் முதலிடமும் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தன. அவருக்கு அடுத்தபடியாக மான்செஸ்டர் மோனார்க்ஸ் அணியின் மைக் கம்மலேரி 46 கோல்களுடன் 109 புள்ளிகள் எடுத்தார். அடுத்த பருவத்தில் என்.எச்.எல். திறந்ததும் ஸ்பெஸ்ஸா 68 ஆட்டங்களில் 90 புள்ளிகள் எடுத்தார். 55-லிருந்து 90-க்கான தாவலுக்குப் பிங்ஹாம்டன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. விதிகளும் அதற்குள் மாறியிருந்தன. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் வரிசையில், அதிக நேரம், முக்கியமான தருணங்களில் ஆடும் வாய்ப்பு ஆட்டவாவில் அவருக்கு அந்த வயதில் கிடைத்திராது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பழைய பஞ்சாலை நகரமான லோவலில் நடந்தது இன்னும் சுவையானது. லாக் மான்ஸ்டர்ஸ் என்ற அந்த அணி கரோலினா ஹரிக்கேன்ஸுக்கும் கால்கரி ஃபிளேம்ஸுக்கும் பொதுவான துணை அணியாக இருந்தது. 20 வயது எரிக் ஸ்டால் அங்கே 77 புள்ளிகள் எடுத்தார். கோல் காத்தவர்களுள் ஒருவர் கேம் வார்டு. 2006 ஜூனில் கரோலினா ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, அந்தப் பருவத்தில் 100 புள்ளிகள் எடுத்திருந்தவர் ஸ்டால். கோப்பைச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர், முதலாம் ஆண்டு கோல்காவலரான வார்டு. லோவல் ரசிகர்கள் முந்தைய குளிர்காலத்தில் மலிவான டிக்கெட்டில் பார்த்த இருவர் இவர்கள்.

கோல்காவலர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராச்செஸ்டர் அமெரிக்கன்ஸ் 51 வெற்றிகளுடன் அணிகளுக்கான புள்ளிப்பட்டியலில் 112 புள்ளிகள் எடுத்து லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடித்தது. அங்கே முதலாம் ஆண்டு ஆட்டக்காரரான தாமஸ் வானெக் 42 கோல் அடித்தார்; ஆனால் அணியைத் தாங்கியவர், 41 ஆட்டங்களில் வென்று பருவத்தின் சிறந்த கோல்காவலர் விருதைப் பெற்ற ரயன் மில்லர். ஃபேண்டம்ஸ் அணியின் வலையைக் காத்தவர் ஃபின்லாந்தின் ஆன்டெரோ நீட்டிமாகி. 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஃபின்லாந்துக்காக ஆடி, அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் எனத் தேர்வானவர் நீட்டிமாகி. அடுத்த ஒலிம்பிக்கில், 2010-இல் வான்கூவரில், வெள்ளி வென்ற அமெரிக்காவுக்காக அதே கௌரவத்தைப் பெற்றவர் மில்லர். அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளின் சிறந்த ஆட்டக்காரர்கள், ஒரே குளிர்காலத்தில் ஒரே இரண்டாம் நிலை லீக்கில் எதிரெதிர் அணிகளில் இருந்தனர். எண்ணிப் பார்த்தால் அந்தப் பருவத்தின் தரத்துக்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

இவர்கள் ஆடிய ஆட்டமும் அந்த ஆண்டு கொஞ்சம் வேறானது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்தே என்.எச்.எல்.-இல் கோல்கள் குறைந்துகொண்டே வந்தன. தற்காப்பே ஆட்டம் என்றாகி, ரசிகர்கள் சலிப்படைந்திருந்தனர். விதிகளை மாற்ற வேண்டும் என்று எல்லோரும் பேசினர். ஆனால் கோடிகள் புரளும் லீக்கில் முழுப் பருவத்தைச் சோதனைக்கு விட யாருக்கும் துணிவில்லை. ஏ.எச்.எல்.-இல் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. கூடுதல் நேரத்தில் ஐவருக்குப் பதில் நால்வர் மட்டும் ஆடும் முறையையும் அதுதான் 1998–99-இல் முதலில் நடத்திப் பார்த்தது; அடுத்த ஆண்டே என்.எச்.எல். எடுத்துக்கொண்டது. 2004–05-இல் சோதனை இன்னும் பெரிதாயிற்று.

முதலாவது, சமநிலை ஒழிந்தது. அறுபது நிமிடமும் ஐந்து நிமிடக் கூடுதல் நேரமும் முடிந்த பிறகும் கோல் எண்ணிக்கை சமமாக இருந்தால், பக்கத்துக்கு ஐந்து பேர் ஒவ்வொருவராக நடுக்கோட்டிலிருந்து தனியே வந்து கோல்காவலரை எதிர்கொள்ளும் ஷூட்-அவுட் நடந்தது. தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி உண்டு. புள்ளிப்பட்டியலில் வெற்றி, தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி, ஷூட்-அவுட் தோல்வி என நான்கு பத்திகள் தோன்றின. ராச்செஸ்டரின் 112 புள்ளிகளில் 10 இந்தக் கடைசி இரண்டு பத்திகளிலிருந்து வந்தவை. ஷூட்-அவுட் ஏ.எச்.எல்.-இன் கண்டுபிடிப்பு அல்ல. 2001-இல் மூடப்பட்ட சர்வதேச லீக் அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. ஆனால் அப்போது அதை ஒரு வேடிக்கையாகவே மேல் லீக் பார்த்தது. தன் சொந்த இளைஞர்களும் தன் சொந்தத் துணை அணிகளும் ஒரு பருவம் முழுக்க அதை ஆடிப் பார்த்த பிறகு, பார்வை மாறியது.

இரண்டாவது, கோல் வலைக்குப் பின்னால் வரையப்பட்ட சரிவகம். ஹாக்கியின் ரப்பர் வட்டான ‘பக்’கைக் குச்சியால் கையாள்வதில் வல்லவர்களான கோல்காவலர்கள், குறிப்பாக நியூ ஜெர்சியின் மார்ட்டின் புரோடர், எதிரணி மூலைக்குள் அடித்துவிடும் பக்கை விரைந்து போய் எடுத்து, எதிரணியினர் வந்து சேருவதற்குள் தன் ஆட்டக்காரரிடம் தள்ளிவிடுவார்கள். அதோடு அந்தத் தாக்குதல் முடிந்துவிடும். இதைத் தடுக்க, வலைக்குப் பின்னால் கோல் கோட்டில் 18 அடியும் சுவரோரம் 28 அடியும் அகலமுள்ள ஒரு சரிவகத்தை வரைந்து, கோல் கோட்டுக்குப் பின்னால் அதற்குள் மட்டுமே கோல்காவலர் பக்கைத் தொடலாம் என்றார்கள்; மீறினால் அவரது அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை. மூலைகள் இரண்டும் இதனால் தாக்குபவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. பனிக்கு அடியில் தீட்டிய இரண்டு சாய்வுக் கோடுகள் ஓர் ஆட்டக்காரரின் கைவண்ணத்தைக் கட்டுப்படுத்தின என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. திறமையைத் தண்டிக்கும் விதி என்று அப்போதே குறை சொன்னவர்கள் உண்டு.

மூன்றாவது, ஆஃப்சைடு தளர்ந்தது. பக்குக்கு முன்னால், எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தாண்டிவிட்ட தாக்குபவர்கள் திரும்பிவந்து கோட்டைத் தொட்டுவிட்டால் ஆட்டம் நிற்காமல் தொடரும். என்.எச்.எல். 1986 முதல் 1996 வரை வைத்திருந்து கைவிட்ட விதியே இது. தன் பாதியிலிருந்து எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பக்கை அடித்துவிடுவதைத் தடுக்கும் ஐசிங் விதியில், பக்கைத் துரத்திச் சென்று தொட வேண்டியதில்லை, கோட்டைத் தாண்டியதும் நடுவர் ஊதிவிடலாம் என்ற மாற்றமும் பருவத்தின் தொடக்கத்தில் சோதிக்கப்பட்டது. சுவரை நோக்கிய ஆபத்தான ஓட்டப்பந்தயங்களைத் தவிர்ப்பது நோக்கம்.

2005 ஜூலை 22 அன்று என்.எச்.எல். தன் புதிய விதிகளை அறிவித்தபோது ஷூட்-அவுட், சரிவகம், தளர்ந்த ஆஃப்சைடு மூன்றும் அதில் இருந்தன. ஷூட்-அவுட்டில் ஐவர் மூவராகச் சுருங்கினர். ஐசிங் மாற்றம் தேறவில்லை. அந்த ஆபத்துக்கு ஒரு பாதிவழித் தீர்வை மேல் லீக் ஏற்க 2013 வரை ஆயிற்று. அக்டோபர் 5 அன்று டொராண்டோவில் என்.எச்.எல். வரலாற்றின் முதல் ஷூட்-அவுட் நடந்தது. வென்றது ஸ்பெஸ்ஸாவின் ஆட்டவா. ஒரு பருவம் முழுக்க இந்த விதிகளோடு பழகிய இளைஞர்கள் ஒருபுறம், அவற்றை முதன்முதலாகப் பார்க்கும் மூத்தவர்கள் மறுபுறம் என்ற நிலையில்தான் அந்த அக்டோபர் தொடங்கியது.

கோப்பைக்கு வருவோம். ஃபேண்டம்ஸின் பயிற்சியாளர் ஜான் ஸ்டீவன்ஸ், அந்த அணி 1998-இல் முதல் கால்டர் கோப்பையை வென்றபோது அதன் தலைவராக இருந்தவர். அவரது அணி இலையுதிர்காலத்தில் தொடர்ந்து 17 ஆட்டங்களில் வென்று லீக் சாதனை படைத்தது. 2012-இல் நார்ஃபோக் அட்மிரல்ஸ் தொடர்ந்து 28 ஆட்டங்களில் வென்று முறியடிக்கும் வரை அது நின்றது. அணியில் ஜோனி பிட்கானென், டென்னிஸ் சைடன்பெர்க், பேட்ரிக் ஷார்ப், ஆர்.ஜே. அம்பர்கர் ஆகியோர் இருந்தனர். வழக்கமான ஆண்டில் இவர்களில் பாதிப் பேரைப் பெரிய அணி எடுத்துக்கொண்டிருக்கும்.

அதற்கும் மேலாக, பருவத்தின் இறுதியில் இருவர் வந்து சேர்ந்தனர். கனடாவின் ஜூனியர் லீக்குகளுடன் இருந்த உடன்பாட்டின்படி, பொதுவாக அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 20 வயது நிறையாத ஜூனியர் ஆட்டக்காரர் ஏ.எச்.எல்.-இல் முழுப் பருவம் ஆட முடியாது. தன் ஜூனியர் அணியின் பருவம் முடிந்த பிறகே வரலாம். ஸ்டால் பிறந்தது 1984 அக்டோபர். ஆகவே லோவலில் முதல் நாளிலிருந்து ஆடினார். ஃபிளையர்ஸ் 2003-இல் தேர்ந்தெடுத்திருந்த ஜெஃப் கார்டர் பிறந்தது 1985 ஜனவரி 1. ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக அவர் குளிர்காலம் முழுவதும் ஜூனியர் லீக்கில் கழித்தார். அவருடன் தேர்வான மைக் ரிச்சர்ட்ஸும் அந்தக் குளிர்காலத்தை ஜூனியர் லீக்கிலேயே கழித்தார். இருவரும் வந்ததும் ஏற்கெனவே வலுவான அணி வேறொன்றாகிவிட்டது. 21 கோப்பைச் சுற்று ஆட்டங்களில் கார்டர் 12 கோல்களுடன் 23 புள்ளிகள் எடுத்தார். இறுதிப்போட்டியில் அட்லாண்டாவின் துணை அணியான சிகாகோ வுல்வ்ஸ் வலையில் காரி லேட்டொனென் என்ற இன்னொரு சிறந்த ஃபின்லாந்துக்காரர் நின்றார். ஆனால் தொடர் நான்கே ஆட்டங்களில் முடிந்தது. கோப்பைச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருது நீட்டிமாகிக்குக் கிடைத்தது. அந்த அணியில் பெரும்பாலோர் சில மாதங்களிலேயே மேலே போய்விட்டனர். ஸ்டீவன்ஸும் 2006 அக்டோபரில் ஃபிளையர்ஸின் பயிற்சியாளர் ஆனார்.

ரசிகர்கள் இந்தப் பருவத்தை நட்சத்திரங்களின் ஆண்டாக நினைவில் வைத்திருப்பது இயல்பு. என் பார்வையில், மேல் லீக் இல்லாத ஆண்டிலும் கீழ் லீக்கின் எந்த முடிவும் கீழே எடுக்கப்படவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. யார் ஆடலாம் என்பதை மேலே இருந்த ஒப்பந்த வகை தீர்மானித்தது. எந்த விதியில் ஆடுவது என்பதை மேல் லீக்கின் சலிப்பு தீர்மானித்தது. எந்த நகரில் ஆடுவது என்பதும் மேல் அணிகளின் வசதிப்படியே முடிந்தது. 2005 கோடையில் லீக்கின் வரைபடம் மாறிய வேகத்தைப் பாருங்கள். நியூஃபவுண்ட்லாந்து தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரில் 1991 முதல் ஆடிவந்த அணியை, அதன் தாய் அணியான டொராண்டோ தன் ஊருக்கே அழைத்துக்கொண்டு மார்லீஸ் என்று பெயர் மாற்றியது. வுஸ்டர் நகரின் அணி பியோரியாவுக்குப் போனது. சின்சினாட்டியிலும் யூட்டாவிலும் அணிகள் நிறுத்திவைக்கப்பட்டன.

எட்மன்டன் கதை இவற்றில் தனி ரகம். கதவடைப்பு வரும் என்று எதிர்பார்த்த எட்மன்டன் ஆயிலர்ஸ், டொராண்டோவில் ஓராண்டு ஆடிய தன் துணை அணியான ரோட்ரன்னர்ஸைத் தன் சொந்த அரங்குக்கே கொண்டுவந்தது. ஹாக்கி இல்லாத குளிர்காலம் கனடாவின் வடக்கே ஒரு நகரத்துக்கு எவ்வளவு நீளமானது என்பதை அந்த நிர்வாகம் சரியாகவே கணித்திருந்தது. ரெக்சால் பிளேஸ் அரங்குக்கு மக்கள் வந்தனர். ஆனால் ஆயிலர்ஸ் திரும்பியதும் ஒரே அரங்கில் இரண்டு அணிகளுக்கு இடமில்லை என்றாயிற்று. ஒரே பருவத்தோடு ரோட்ரன்னர்ஸ் நிறுத்தப்பட்டது. அணியின் உரிமம் ஐந்து ஆண்டுகள் பெட்டியில் கிடந்து, 2010-இல் ஓக்லஹோமா சிட்டியில் பேரன்ஸ் என்ற பெயரில் மறுபடி எடுக்கப்பட்டது. 2015-இல் அங்கிருந்தும் கிளம்பி, கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் போனது.